இனாதிமி சொல்லாத எண்கள்

1996 ஜனவரியில் ஜோலோமி ஒரு பழுப்புக் கவரோடு என் மேசை முன்னால் வந்து நின்றபோது, நான் எங்கள் ஊரான வாரியின் கோர்ட்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவரை எனக்கு முன்பே தெரியும். சந்தைக்குப் போகிற வழியில் மருந்துக்கடை வைத்திருந்தார்; எல்லோரும் மரியாதையாக ஓகா, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்கள். இருமல் மருந்து கேட்டால், இருமலைப் பற்றி நாலு கேலி சொல்லிவிட்டுத்தான் பாட்டிலை எடுத்துத் தருவார்.

"சிஸ்டர் எடிரின், இதை ஸ்டென்சில்ல அடிச்சுத் தரணும். நாப்பது பக்கம். ஒரு எழுத்துகூட மாறிடக் கூடாது."

கவரைப் பிரித்தேன். ஒவ்வொரு தாளிலும் இடது பக்கம் ஆங்கில எழுத்துகள், ஏழேழாக, அகர வரிசையில் அடுக்கி எழுதப்பட்டிருந்தன. வாசித்தால் ஒன்றும் புரியாது. வலது பக்கம், அந்த ஏழையும் கலைத்து மாற்றி அடுக்கினால் வரும் சொற்கள்.

"என்ன ஓகா இது, ரகசியத் தந்தியா? போலீஸ் என்னைத் தேடி வருமா?"

"ஸ்கிராபிள் ஆடுறோம்மா. எங்க கிளப்பு ஆளுங்க மனப்பாடம் பண்றதுக்கு. இடது பக்கத்தைப் பாத்ததும் வலது பக்கம் வாயில வரணும். வராதவனுக்கு அன்னைக்குக் குடிக்க மால்ட் கிடையாது."

கோர்ட்டுத் தாள்களை அடிக்கும்போது நான் எதையும் வாசிப்பதில்லை. கண்ணில் விழுவது நேராக விரலுக்குப் போய்விடும். நடுவில் மனசுக்கு வேலை இல்லை. இந்தத் தாள்களில் மட்டும் அது நடக்கவில்லை. ஏழு எழுத்தை அடித்து முடிப்பதற்குள் மனசு தானாக அவற்றைப் பிடித்து உருட்ட ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் நாள் வலது பக்கத்தை ஒரு ஸ்கேலால் மூடிக்கொண்டேன். விடையை நானே கண்டுபிடித்த பிறகுதான் ஸ்கேலை நகர்த்துவேன். என் தட்டச்சு வேகம் பாதியாகக் குறைந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த மேசையில் அதற்கு முன்னால் நான் அனுபவித்ததில்லை.

பத்தொன்பதாம் பக்கத்தில் ஏ, சி, ஈ, ஈ, ஹெச், ஆர், டி என்று ஒரு வரி இருந்தது. ஜோலோமி எழுதியிருந்த விடைகள் இரண்டு: டீச்சர், ஏமாற்றுக்காரன் என்கிற சீட்டர். எனக்கு மூன்றாவதாக ஒன்று தெரிந்தது. நாளெல்லாம் நிலத் தகராறு வழக்குகளை அடிக்கிறவளுக்கு அது தெரியாமல் எப்படி இருக்கும்? பக்கத்தில் பென்சிலால் 'ஹெக்டேர்' என்று எழுதி வைத்தேன். இப்படி மொத்தம் ஆறு இடங்களில்.

வாங்கிப்போன மறுநாளே ஜோலோமி திரும்பி வந்தார். கையில் மருந்துக் கவர்கூட இல்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"யாரு இந்தப் பென்சில்?"

"நான்தான் ஓகா. அழிச்சிடவா?"

"அழிக்கிறதா? பன்னெண்டு வருஷமா இதைப் படிக்கிறேன். ஒருத்தன் கண்ணுலயும் படல. ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சதும் கடைக்குப் பின்னால வந்துடு."

கடையின் பின்கட்டில் ஒரு பாதாம் மரம், அதன் கீழே நாலு மேசை. போர்டுகள் பழசாகி, கட்டங்களின் நிறம் மங்கியிருக்கும். எந்தக் கட்டம் இரட்டிப்பு, எந்தக் கட்டம் மும்மடங்கு என்று ஆடுகிறவர்களுக்கு மனப்பாடம் என்பதால் யாரும் கவலைப்பட்டதில்லை. எழுத்து வில்லைகள் போட்டுவைக்க ஜோலோமியின் மனைவி பூப்போட்ட துணியில் பைகள் தைத்துக் கொடுத்திருந்தார். பையைக் குலுக்கும் சத்தம்தான் அந்த முற்றத்தின் சத்தம். அதோடு ஆண்களின் வாய். பதினாலு பேரும் ஆண்கள். ஆடும்போது வாயை மூடிக்கொண்டு ஆடினால் எங்கள் ஊர்க்காரன் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் நாள் ஜோலோமி என்னை நடுவில் நிறுத்தி, "ஹெக்டேர் கண்டுபிடிச்ச அம்மா இவங்கதான்" என்றார்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஃப்ரெஜெனே தலையை நிமிர்த்தினார். பள்ளியில் பூகோளம் நடத்துகிறவர். "நிலம் அளக்குற வார்த்தை. நான் பாத்திருக்கணும்."

"நீ எப்படிப் பாப்ப? மத்த ரெண்டும் உனக்கே பொருத்தமா இருந்துச்சு. அதோட திருப்தி ஆயிட்ட" என்றார் ஜோலோமி. எல்லோரும் சிரித்தார்கள். ஃப்ரெஜெனேயும் சிரித்தார். அதற்கப்புறம் பல வாரம் அவரை யாரும் டீச்சர் என்று கூப்பிடவில்லை. ஹெக்டேர் என்றே கூப்பிட்டார்கள்.

ஆட எனக்கு உடனே இடம் தரவில்லை. புள்ளிக் கணக்கு நோட்டைக் கையில் கொடுத்து, "முதல்ல பாரு" என்றார்கள். அதனால்தான் இனாதிமியின் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

இனாதிமி ஆற்றங்கரைப் படகுப் பட்டறையில் வெல்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். கையெல்லாம் சின்னச் சின்னத் தீப்பொறித் தழும்பு. அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காத ஒரே ஆள் அவர். திக்குவாய் என்பதால். கேலி அவர் பக்கம் வந்தால் புன்னகை செய்வார், இல்லையென்றால் ஒரு துண்டுத் தாளில் ஏதாவது எழுதித் தள்ளுவார். நன்றாக ஆடுவார் என்றார்கள், ஆனால் முதல் இரண்டு இடத்துக்கு வந்ததில்லை. நாலாவது, ஐந்தாவது, அப்படி.

அன்றைக்கு முதல் ஆட்டத்தைத் தொடங்கியது அவர்தான். பையிலிருந்து எடுத்த ஏழு வில்லைகளைத் தாங்கியில் நிறுத்தினார். எஸ், ஏ, எம், ஐ, என், ஆர், ஈ. எனக்கு உடனே தெரிந்துவிட்டது: செமினார். ஏழையும் ஒரே வீச்சில் போட்டால் ஐம்பது உபரி. முதல் சொல் நடுக்கட்டத்தில் விழுவதால் அதன் மதிப்பும் இரட்டிப்பு. அறுபத்தெட்டு. நோட்டைத் திறந்து காத்திருந்தேன்.

அவர் நாலே வில்லைகளை எடுத்து 'மெயின்' என்று வைத்தார். "ட்வெல்வ்" என்றார், தெளிவாக. கடிகாரத்தை அமுக்கினார்.

அந்தக் கடிகாரத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு முகம். ஆளுக்கு இருபத்தைந்து நிமிஷம். வில்லைகளை வைத்து, புள்ளியைச் சத்தமாகச் சொல்லி, அதன் பிறகுதான் தன் பக்கத்துப் பொத்தானை அமுக்கலாம். அமுக்கும்வரை தன்னுடைய நேரம்தான் ஓடும். தாண்டினால் நிமிஷத்துக்குப் பத்துப் புள்ளி போய்விடும்.

ஆட்டம் முடிந்ததும் மெதுவாகச் சொன்னேன். "பிரதர், மொத மொத உங்களுக்கு செமினார் வந்திருந்துது. கவனிக்கலியா?"

அவர் என் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். செமினார். ரிமெயின்ஸ். மரீன்ஸ். மூன்றும் அதே ஏழு எழுத்துகள். கீழே 68 என்று போட்டு, பென்சிலை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

ஒரு மனுஷன் அறுபத்தெட்டைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டை எதற்கு எடுக்க வேண்டும்? அந்த வாரம் முழுக்க எனக்கு அதே யோசனை. நோட்டு என்னிடம்தானே இருந்தது? பழைய பக்கங்களைப் புரட்டி அவர் பெயருக்குக் கீழே இருந்த எண்களை மட்டும் வாசித்துக்கொண்டே போனேன். பன்னிரண்டு. இருபத்தெட்டு. பதினெட்டு. முப்பத்தொன்று. எண்பத்திரண்டு. இருபது. மற்றவர்கள் பெயருக்குக் கீழே நாற்பதுகளும் அறுபதுகளும் இறைந்து கிடந்தன. அவர் பெயருக்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

அடுப்பில் வாழைக்காய் பொரிந்துகொண்டிருந்தது. நான் எண்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஃபோர். ஃபைவ். சிக்ஸ். செவன். ஃபார்ட்டி. ஃபிஃப்டி. எல்லாமே உதட்டிலும் பல்லிலும் காற்றைத் தடுத்து நிறுத்துகிற எஃப், எஸ் ஒலியில் ஆரம்பிப்பவை. கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். வாழைக்காய் தீய்ந்துபோனது.

அடுத்த ஞாயிறு, ஆட்டம் முடிந்து அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது கூடவே நடந்தேன். முனையில் ஒரு பெண் கரியில் வாழைக்காயும் மீனும் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அங்கே நின்றோம்.

"பிரதர், நீங்க நாலு அஞ்சு ஆறு ஏழு சொல்றதே இல்ல" என்றேன்.

அவர் மீனில் முள்ளெடுத்துக்கொண்டிருந்தார்.

"எண்பதுல வர்ற சொல்லாப் பாத்துத் தேடுறீங்க. அது கிடைக்கலைன்னா பன்னெண்டோ இருபதோ போட்டு விட்டுடறீங்க. இத்தனை வருஷமாவா?"

"பதினோரு வ... வருஷம்." மூச்சை இழுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். முதல் வருஷம் ஒரு தரம் ஐம்பத்தாறு போட்டாராம். சொல்ல ஆரம்பித்தவருக்கு அந்த முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கடிகாரம் ஓடியது. மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஒருவன் கைதட்டித் தாளம் போட்டான். ஜோலோமியும் சிரித்தாராம். இரண்டு நிமிஷத்துக்கு மேல் போனது, அந்த ஆட்டமும் போனது.

"அவங்க கிட்ட ச... ச..." கையால் வாயைப் பொத்திக் காட்டினார். சொல்லாதே.

நான் தலையாட்டினேன். ஆட்டியது பொய்யில்லை. அன்றைக்கு அப்படித்தான் இருக்க நினைத்தேன்.

மார்ச்சில் எனக்கு ஆட இடம் கிடைத்தது. முதல் மாதம் எல்லோரிடமும் தோற்றேன். "சிஸ்டர், கோர்ட்டுல வாய்தா வாங்குற மாதிரி இங்கயும் வாங்குறியா?" என்று ஃப்ரெஜெனே கேட்டார். ஜூனில் அவரை ஜெயித்தேன். "வாய்தா முடிஞ்சுது டீச்சர், தீர்ப்பு வந்துடுச்சு" என்றேன். அந்த முற்றம் சிரித்த சிரிப்பில் மரத்தில் இருந்த வௌவால்கள் பறந்து போயின. வேலைக்குப் போகும் பஸ்ஸில் கடைப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே எழுத்துகளைக் கலைப்பேன், அடுக்குவேன். சாமிப் பாட்டுப் புத்தகத்திலும் அதே வேலை. அந்த வருஷம் எனக்கு இருபத்து நாலு வயது. அவ்வளவு விழிப்பாக நான் அதற்கப்புறம் இருந்ததில்லை.

செப்டம்பரில் ஜோலோமி ஒரு செய்தி சொன்னார். டிசம்பரில் பெனின் நகரத்தில் பெரிய போட்டி, ஜெயித்தால் அங்கிருந்து லாகோஸ். எங்கள் கிளப்புக்கு ஒரே ஒரு இடம். நவம்பர் கடைசியில் முதல் இரண்டு இடத்தில் இருக்கிறவர்கள் மோதி, ஜெயிக்கிறவர் போகலாம். விதித்தாளை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று அதையும் என்னிடமே ஸ்டென்சில் அடிக்கத் தந்தார்.

அதை அடிக்கும்போதுதான் எனக்குத் தோன்றியது. அடுத்த ஞாயிறு, எல்லோரும் தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன்.

"ஓகா, ஒன்பதாவது விதி. 'புள்ளியை அறிவித்த பிறகு கடிகாரத்தை அமுக்க வேண்டும்.' அறிவிக்கணும்னுதான் இருக்கு. வாயாலன்னு இல்ல. கோர்ட்டுல சுவத்துல ஒட்டுறதும் அறிவிப்புதான். ஆளுக்கு ஒரு வெத்துச் சீட்டுக் கட்டு வெச்சுக்கிட்டு, புள்ளிய எழுதி நீட்டினாப் போதாதா?"

"ஏன், உனக்குத் தொண்டை கட்டிக்கிச்சா? கடைக்குள்ள மிட்டாய் இருக்கு" என்றார் ஜோலோமி.

"எனக்கு இல்ல."

அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் சொல்லும்போது என் கண் போன இடத்துக்கு எல்லோருடைய கண்ணும் போனது. இனாதிமி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது நுனி கறுத்துச் சிவந்தது.

"விதின்னா விதிதான். அப்புறம் ஒருத்தர் நின்னுக்கிட்டு ஆடணும்பாரு, ஒருத்தர் படுத்துக்கிட்டு ஆடணும்பாரு" என்றார் ஃப்ரெஜெனே.

"நோட்டை எடுத்துப் பாருங்க டீச்சர். பதினோரு வருஷம். ஒரு நாப்பது இருக்கா, ஒரு அறுபது இருக்கா? அவருக்கு அந்தச் சொல்லெல்லாம் வரலைன்னு நெனைக்கிறீங்களா?"

ஜோலோமி நோட்டை வாங்கினார். அந்தக் கடைசிப் பக்கத்தில் இருந்த மூன்று சொல்லும் 68-ம் அவர் கண்ணில் பட்டன. புரட்டினார். பின்னாலிருந்து முன்னால், முன்னாலிருந்து பின்னால். அவர் முகத்தில் கேலி இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இனாதிமி" என்றார். "இது நெசமா?"

இனாதிமி எழுந்தார். தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என்னைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விதி அன்றைக்கே மாறியது. யார் மறுத்துப் பேச முடியும்? ஆனால் அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். பாதி கட்டிய இரும்புப் படகு ஒன்றின் வயிற்றுக்குள் உட்கார்ந்து ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். நீலப் பொறி. நான் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்துப் பொறி நின்றது. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மன்னிச்சிடுங்க பிரதர். சொல்ல மாட்டேன்னு தலையாட்டிட்டுச் சொல்லிட்டேன்."

அவர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஆனா விதி மாறிடுச்சு. அதுக்காக மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

அவர் சிரித்தமாதிரி இருந்தது. சாக்பீஸை எடுத்தார். பேசப் போகிறாரா எழுதப் போகிறாரா என்று அவருக்கே தெரியாததுபோலக் கொஞ்ச நேரம் அதைக் கையில் உருட்டினார். பிறகு கீழே வைத்துவிட்டுப் பேசினார். நிறைய நேரம் ஆனது. பக்கத்துப் பட்டறையில் சுத்தியல் சத்தம் நிற்கும்போது மட்டும் எனக்கு முழுதாகக் கேட்டது.

"இத்தன வருஷம் தோ... தோத்தா, வாய் சரியில்லன்னு மனசுக்குள்ள ச... சொல்லிப்பேன். வாய் மட்டும் சரியா இருந்தா நான் யாருன்னு காட்டியிருப்பேன்னு. இனிமே தோத்தா என்ன ச... சொல்றது?"

நான் அவருக்கு நல்லது செய்ததாக மட்டும்தான் நினைத்திருந்தேன். அதில் அவருக்கு இப்படி ஒரு பயம் வரும் என்று எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியல பிரதர். நானும் நெறையத் தோத்திருக்கேன். அன்னைக்கு ராத்திரி சோறு எறங்காது. மறுநாள் எறங்கிடும்."

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். வேலையைத் தொடர்ந்தார். நான் வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். தன் சீட்டுக் கட்டைத் தானே செய்து கொண்டுவந்திருந்தார், பட்டறையின் பழைய ரசீதுப் புத்தகத்தை அளவாக வெட்டி, மூலையில் கம்பி கோத்து. முதல் ஆட்டமே ஃப்ரெஜெனேயோடு. மூன்றாவது கையில் ஏழு வில்லைகளையும் இறக்கி, சீட்டில் 65 என்று எழுதி நீட்டினார். ஃப்ரெஜெனே சீட்டைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார்.

"இத்தன நாளா இதையெல்லாம் எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார். "நான் பாட்டுக்கு உன்ன விடப் பெரிய ஆளுன்னு நெனச்சு வீட்டுல பெருமையடிச்சிக்கிட்டு இருந்தேனே."

அடுத்த ஏழு வாரத்தில் இனாதிமி ஒரே ஒரு ஆட்டம் தோற்றார். நவம்பர் கடைசியில் முதல் இடத்தில் அவர். இரண்டாவது இடத்தில், யாரும் எதிர்பார்க்காதபடி, நான்.

இறுதி ஆட்டத்துக்கு முற்றத்தில் நிற்க இடமில்லை. ஜோலோமியின் மனைவி ஒரு பெரிய சட்டி நிறையக் காரச் சூப்பு வைத்திருந்தார். என் அம்மா சர்ச்சு உடையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு ஆட்டம் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வதாகச் சொன்னார்.

நன்றாக ஆடினேன். இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொள்வேன். ஆரம்பத்திலேயே ஏழு வில்லைகளை இரண்டு தரம் இறக்கினேன். அவர் விடாமல் பின்னால் வந்தார், எழுபதுகளும் ஐம்பதுகளும் எழுதின சீட்டுகளை நீட்டியபடி. கடைசியில் பை காலியானது. முறை என்னுடையது.

பை காலியானால், போர்டில் இருப்பதையும் என் கையில் இருப்பதையும் கழித்துப் பார்த்து எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். கணக்குப் போட்டேன். சி, ஈ, ஹெச், ஐ, கே, என், டி. ஸ்டென்சிலில் நானே அடித்த வரி அது. கிச்சன். இன்னொன்று, திக்கன். இரண்டும் 'என்' எழுத்தில் முடியும்.

அந்தச் சொல்லை இறக்க போர்டில் இரண்டு இடம் திறந்திருந்தது. மேலே ஒன்று, போட்டால் எண்பத்து மூன்று. கீழே ஒன்று, எல், ஏ, டபிள்யூ என்று நின்றிருந்த 'லா'வின் வாலில் 'என்' ஒட்டி 'லான்' ஆகும் இடம், போட்டால் எழுபத்தாறு. எது விழுந்தாலும் நான் காலி. ஒன்றைத்தான் என்னால் அடைக்க முடியும்.

அவர் கடிகாரத்தில் நாற்பது விநாடிக்குமேல் இல்லை.

நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். பதினோரு வருஷம் எண்பதைத் தேடிய மனுஷன். அவர் கண் முதலில் எண்பதுக்குத்தான் போகும். அதை அடைத்துவிட்டால், மிச்சமிருக்கும் நாற்பது விநாடியில் எழுபத்தாறு அவர் கண்ணிலேயே படாமல் போகலாம். அவரிடம் சீட்டுக் கட்டு இருந்தது எனக்குத் தெரியாதா? அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தவளே நான்தானே? இருந்தும், அந்த நிமிஷம் நான் நம்பியது அவருடைய பழைய வாயைத்தான்.

மேல் இடத்தை அடைத்தேன். புள்ளியைச் சொல்லிக் கடிகாரத்தை அமுக்கினேன். எண்பத்தொரு புள்ளி நான் முன்னால். கையில் இன்னும் மூன்று வில்லைகள்.

இனாதிமி போர்டைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். ஒரு விநாடி, அவ்வளவுதான். பிறகு ஏழு வில்லைகளையும் இடதிலிருந்து வலமாக, ஒவ்வொன்றாக, வெல்டிங் தையல்போல நேராக வைத்தார். கிச்சன். கடைசி எழுத்து 'லா'வுக்குக் கீழே உட்கார்ந்தது. சீட்டில் 76 என்று எழுதி நீட்டி, கடிகாரத்தை அமுக்கினார். ஒன்பது விநாடி மிச்சம்.

வில்லை தீர்ந்து முடித்தவருக்கு, எதிராளி கையில் மிஞ்சியதன் மதிப்பு இரட்டிப்பாகச் சேரும். என் மூன்று வில்லைகளின் மதிப்பு ஆறு. பன்னிரண்டு அவருக்குப் போனது. ஏழு புள்ளியில் தோற்றேன்.

ஜோலோமி சீட்டை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, எல்லோருக்கும் கேட்க வாசித்தார். "செவன்ட்டி சிக்ஸ்." கூட்டம் மேசைகளை அறைந்தது. என் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஜெயிச்சிட்டியாடி?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. அழுகை வந்தது வீட்டுக்குப் போன பிறகுதான்.

கிளம்புவதற்கு முன் அவரிடம் போய்ச் சொன்னேன். "எண்பத்து மூணை அடைச்சேன். கீழ போடமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"தெ... தெரியும்" என்றார். "நீங்க அங்க வெக்கும்போதே தெரிஞ்சுது." கோபமில்லை. சூப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

பெனினில் இனாதிமி ஜெயித்தார். லாகோஸில் பதினொன்றாவதாக வந்தார். திரும்பி வந்த அன்று முற்றத்தில் ஒவ்வொரு ஆட்டத்தையும் வில்லைகளை வைத்து எங்களுக்குத் திரும்ப ஆடிக் காட்டினார். அது 1997 ஜனவரி. அந்த மார்ச்சில் ஊரில் கலவரம் வெடித்தது. ஜோலோமி இட்செகிரி இனம், இனாதிமி இஜோ இனம், நான் உரோபோ இனம். அந்த மரத்தடியில் நாங்கள் அதை வைத்துக் கேலி செய்துகொண்டிருந்தோமே தவிர வேறொன்றும் செய்ததில்லை. இப்போது யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதே அதை வைத்து முடிவானது. மருந்துக்கடை எரிந்தது. ஜோலோமி குடும்பத்தோடு லாகோஸ் போனார். இனாதிமி யெனகோவாவுக்குப் போனார். பட்டறையில் விசாரித்தால் யாருக்கும் முகவரி தெரியவில்லை. புள்ளி நோட்டும் போர்டுகளும் கடையோடு போயின. நான் மாற்றல் வாங்கிக்கொண்டு பெனினுக்கு வந்தேன். இங்கேயே கல்யாணம், இங்கேயே குழந்தைகள்.

2009-ல் அசபாவில் ஒரு போட்டிக்குப் போனேன். அப்போது பெனின் கிளப்பில் நான் மூன்றாவது ஆள். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் இரண்டாவது சுற்றில் என் பெயருக்கு எதிரே இனாதிமி என்று இருந்தது. வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். மேசைக்குப் போனால் அவரே உட்கார்ந்திருக்கிறார், தலை நரைத்து, மூக்குக் கண்ணாடி போட்டு.

"சி... சிஸ்டர்" என்று எழுந்தார்.

நூற்று நாற்பது புள்ளி வித்தியாசத்தில் என்னை அடித்தார். ஏழு புள்ளியாவது பரவாயில்லை என்று தோன்றியது.

மதியம் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஜோலோமி லாகோஸில் முந்தைய வருஷம் இறந்துபோனார் என்று அவர்தான் சொன்னார். சாவுக்குப் போய் வந்திருக்கிறார். கல்லறைப் பக்கத்தில் யாரோ நெடுநேரம் பிரசங்கம் செய்ய, ஃப்ரெஜெனே இவர் காதில், "இவருக்கு ஒரு சீட்டுக் குடுங்கப்பா, எழுதிக் காட்டட்டும்" என்றாராம். இருவரும் அங்கேயே சிரித்துவிட்டார்களாம், ஜோலோமியின் மனைவி திரும்பி முறைத்தாராம். இந்தக் கதையைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. என் தட்டில் சோறு ஆறிப்போனது. நான் இடையில் ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

மூன்றாவது சுற்றுக்கு மணி அடித்தார்கள். அவர் மிச்சமிருந்த மீனை என் தட்டில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். நான் அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். தாமதமாகப் போனதற்கு என் கடிகாரத்தில் மூன்று நிமிஷம் ஓடியிருந்தது.